ஒரே சிப்பை நம்பிய நாட்களும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே ஊழியரின் மூத்த மகளாகப் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா காலமானார். படிப்பை முடித்து, கிண்டியில் வேலைக்குச் சென்று, என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார்.

எண்பதுகளின் இறுதியில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. பேசிய நேரத்தைக் கணக்கிட்டுச் சீட்டு அச்சிடும் மெஷின் ஒன்றை அக்கா தாமே வடிவமைத்தார். வேலையை விட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் பட்டறை தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேருக்குச் சால்டரிங் கற்றுக்கொடுத்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பொருட்கள் வாங்குவது என் பொறுப்பு.

அந்த மெஷினுக்கு மூளை, சர்க்யூட் போர்டில் பொருத்தும் ஒரு சிப். அதை ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனம்தான் செய்தது. நகரத்தில் ஒரே வியாபாரிதான் வரவழைத்தார். நல்ல மனிதர். கேட்ட மறுநாளே கொடுத்துவிடுவார்.

"வேற கம்பெனி சிப்புக்கும் ஒரு போர்டு போட்டு வெச்சிக்கலாமாடா?" என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

"எதுக்குக்கா ரெட்டை வேலை? அவர்தான் எப்பவும் ஸ்டாக் வெச்சிருக்காரே" என்றேன்.

அக்கா என் பேச்சைக் கேட்டார். அதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த வியாபாரி கையை விரித்துவிட்டார். வெளிநாட்டு நிறுவனம் அந்தச் சிப்பைச் செய்வதையே நிறுத்திவிட்டதாம். எங்களிடம் மிஞ்சியிருந்தவை பதினொன்று. கையில் இருந்த ஆர்டரோ நாற்பது மெஷின்களுக்கு. வேறு சிப்பை வாங்கி மாட்டிவிடவும் முடியாது. அதன் கால்களின் அமைப்பு வேறு, உள்ளே ஏற்றும் புரோகிராமும் வேறு.

பட்டறையில் மூத்த தொழிலாளியான மேரி கேட்டார்: "இன்னாக்கா, நாளைக்கு வேலை கீதா இல்லியா?"

"இருக்கு மேரி. எல்லாரும் எப்பவும் போல வாங்க. என்ன வேலைன்னு காலையில சொல்றேன்."

அன்று மாலையே அக்கா பெருங்களத்தூரில் ஸ்டெபிலைசர் செய்பவர் ஒருவரைப் பார்த்து, செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலையைக் கேட்டு வாங்கி வந்தார். ஆர்டர் கொடுத்தவர்களை நேரில் சந்தித்து நடந்ததைச் சொன்னார். சிலர் வேறிடம் போனார்கள், பலர் காத்திருந்தார்கள். பிறகு புது போர்டு வரைந்து, புரோகிராமை முதல் வரியிலிருந்து எழுதினார். முதல் சோதனையில் ஒரு நிமிடம் பேசியதற்கு ஒன்பது நிமிடம் என்று சீட்டு வந்தது. மேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை; அக்காவுக்கும்தான்.

இரண்டு மாதத்தில் மெஷின் சரியாக ஓடியது. இம்முறை இரண்டு நிறுவனங்களின் சிப்புக்கும் தனித்தனி போர்டு தயாராக இருந்தது. பின்னொரு வருடம் அவற்றில் ஒன்றுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, எங்கள் பட்டறை ஒருநாள்கூட நிற்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவரும் வேலையை இழக்கவில்லை.

அக்கா நோயுற்றிருந்த நாட்களில் ஒருமுறை, "அன்னிக்கு நான்தான்க்கா உனக்குத் தப்பா யோசனை சொல்லிட்டேன்" என்றேன்.

"போடா. அந்த வியாபாரியை எனக்கும்தான் பிடிச்சிருந்தது. சரின்னு சொன்னது நான்தானே?" என்று சிரித்தார்.

மருத்துவர்களுக்கும், கார் கொடுத்து உதவிய எதிர்வீட்டு சாருக்கும், தூரத்திலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. மேரியும் மற்ற ஏழு பெண்களும் மருத்துவமனையில் முறை வைத்துக்கொண்டு அக்காவுடன் இருந்தார்கள். இன்றைய நினைவுநாள் சமையலும் அவர்களுடையதே. குடும்பத்தாராகிய எங்களைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. அனைவரும் இருந்து, வயிறார உண்டு செல்ல வேண்டுகிறோம்.