ஓடைக்கரையில் வெர்னாவின் வேலி

அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் வட்டாரத்தில் மழை கேட்டுப் பிரார்த்திக்காத ஞாயிறு கிடையாது. அங்கே தண்ணீரிடமிருந்து மாடுகளைக் காப்பாற்ற வேலி போட்ட ஒரே ஆள் வெர்னா ஸ்ட்ராவுட். வயது அறுபத்து மூன்று, மாடுகள் நூற்று நாற்பது.

அவளிடம் காரணம் இருந்தது. நிலக்கரிப் படிவத்திலிருந்து வாயு எடுக்க வந்த கம்பெனி, முதலில் அதிலிருந்த தண்ணீரை இறைத்து எங்கள் ஓடையில் விட்டது. ஜூலையில் வறண்டுபோகும் ஓடை வருஷம் முழுக்க ஓடியது. முதல் வருஷம் வெர்னாவும் மகிழ்ந்து, மடையைத் திறந்து குதிரைமசால் தீவன வயலுக்குப் பாய்ச்சினாள். அந்தத் தண்ணீரின் உப்பு எங்கள் களிமண்ணில் இறங்கி, வயல் தார்ச்சாலை மாதிரி இறுகிப்போனது. அடுத்த வசந்தத்தில் அவள் நட்டது வேலித் தூண்களை, மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்காதபடி ஓடைக்கரை நெடுக.

ஜனவரியில் ஒரு காலை, பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே, மாட்டுத் தொட்டி காலியாகக் கிடந்தது. மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் தம்பி கிளீட் தீ உமிழும் கேஸ் டார்ச்சோடு வந்தான். குளிர்காலத்தில் தண்ணீர் நின்றால் குழாய் உறைந்துவிட்டது என்று அர்த்தம், டார்ச்சால் உருக்குவோம். எங்கள் ஊரில் யாரும் இதற்கு மேல் யோசிப்பதில்லை.

"வேலியப் பாத்து மாடுங்க சிரிக்குதுக்கா. அந்தப் பக்கம் ஆறு ஓடுது, இந்தப் பக்கம் நாக்கு தொங்குது."

"அதுங்க சிரிக்கட்டும். நீ பைப்ப உருக்கு. மத்தியானத்துக்குள்ள தண்ணி வரலன்னா கன்னு சுமக்கறதெல்லாம் படுத்துரும்."

ஆழ்துளைக் கிணற்றின் தகரக் கொட்டகையில், குழாய் உறையாமலிருக்கத் தொங்கவிட்ட குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கிளீட் டார்ச்சின் திருகைத் தளர்த்தி, லைட்டரை எடுத்தான். உருக்கும் முன் வழக்கம்போல வெர்னா குழாயைத் திறந்தாள்.

உறைந்த குழாய் ஊமையாக இருக்கும். இது மூச்சு விட்டது. உலர்ந்த காற்று சீறிற்று, நின்றது, மறுபடி சீறிற்று.

"கிளீட், லைட்டர பையில போடு."

"என்னது?" முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டிய காது.

அவன் கட்டைவிரல் லைட்டரின் சக்கரத்தின் மேல் இருந்தது. வெர்னா மணிக்கட்டைப் பிடித்தாள். கறவைக்காரியின் பிடி.

"அசையாத. கேஸு."

"நாத்தமே இல்லியேக்கா."

"அடுப்பு கேஸுல நாத்தத்தக் கலந்து விக்கிறாங்க. பூமிக்கு அந்தப் புத்தி இல்ல. விரல எடு. மெதுவா."

விரல் சக்கரத்தை விட்டு விலகியது. டார்ச்சின் திருகை அவளே மூடினாள். பல்பை அணைக்க நீண்ட கை சுவிட்சுக்கு ஓரங்குலம் முன்னால் நின்றது. சுவிட்சிலும் பொறி உண்டு. பல்பை எரியவிட்டுவிட்டு, இருவரும் சர்ச்சிலிருந்து வெளியேறுவதுபோல அடிமேல் அடி வைத்து வந்தார்கள். ஐம்பது தப்படி தள்ளிக் கம்பத்திலிருந்த மெயின் சுவிட்சை வெர்னா இறக்கினாள். பல்பு அணைந்தது. கிளீட் பனியில் உட்கார்ந்துவிட்டான்.

கம்பெனி இறைக்கும் படிவம்தான் அவள் கிணற்றுக்கும் தாய். தண்ணீர் மட்டம் கீழே போகப் போக, நிலக்கரி வாயுவை விட்டது. கிணறு வற்றி, அந்த வாயு அதன் வழியே ஏறியிருந்தது.

"உன் கிணத்துலயே கேஸு. பணக்காரி ஆயிட்டக்கா," என்றான் கிளீட்.

"தாத்தாவுக்கு நிலத்தக் கொடுத்தப்பவே அடியில இருக்கறத அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இப்ப அது கம்பெனி குத்தகை. நாம வெடிச்சிருந்தா அவங்க சொத்த எரிச்சுட்டோம்னு கடுதாசி வந்திருக்கும்."

மாடுகள் விடாமல் கத்தின. ஓடையில் கம்பெனித் தண்ணீர் அந்தக் குளிரிலும் வெதுவெதுப்பாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெர்னா அதையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு வண்டியிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்துவந்து, தான் கட்டிய ஐந்து கம்பிகளையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். மாடுகள் அவளை இடித்துக்கொண்டு இறங்கின.

"கடைசியில அவங்க தண்ணியத்தான் குடிக்க விட்ட."

"யாரு தண்ணி? என் கிணத்துலேர்ந்து போனதுதான் சுத்திக்கிட்டு வருது."

வெட்டிய கம்பியைச் சுருட்டித் தூணில் மாட்டினாள். கிளீட் சிகரெட் ஒன்றை உதட்டில் வைத்தான். தூரத்துத் தகரக் கொட்டகையைப் பார்த்தான். எடுத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டான்.