அண்ணாச்சியின் பழைய விலாசம்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பேட்டையில் ஒரு பட்டறையில் துளை போடும் மெஷினில் நின்றேன். எதையும் நாலு தடவை சரிபார்க்கிறேன் என்று முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் நாற்காலிக்கு மாற்றினார். அதைக் கவனம் என்று நினைத்துவிட்டார். அது வெறும் பயம்.

நாங்கள் செய்யும் பாகங்களின் வரைபடங்கள் எல்லாம் உள்ளறைக் கம்ப்யூட்டரில் இருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'அண்ணாச்சி'. முதலாளியும் எங்களுக்கு அண்ணாச்சிதான்.

ஒரு நாள் அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். பெயர் அதே, நெட்வொர்க்கில் அதைத் தேடிப் போகும் விலாச எண் மட்டும் வேறு. வாசலறைக் கம்ப்யூட்டரில் வரைபடம் திறந்தது. என்னுடையதில் திறக்கவில்லை.

"அவனுக்கு வருது, ஒனக்கு மட்டும் ஏன்லே வரல? மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா பழையபடி துளை போடப் போ" என்றார் முதலாளி.

எலி கடித்திருக்குமோ என்று வயரை மாற்றினேன். வைரஸோ என்று தேடினேன். 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் கட்டளையை அண்ணாச்சி பெயருக்கு அடித்தால், ஒரு எண்ணைக் காட்டி உடனே பதில் வந்தது.

"அண்ணாச்சி பதில் சொல்லுதாரு, ஆனா கதவத் தொறக்க மாட்டேங்காரு" என்றேன்.

"நான் எப்பலே கதவச் சாத்துனேன்?" என்றார் முதலாளி.

நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். பெயருக்கு எண் தேட அவர் சொன்ன இன்னொரு கட்டளையை அடித்தேன்; அது பிங் காட்டாத வேறு எண்ணைக் காட்டியது. ஒரே பெயருக்கு இரண்டு விலாசம்! அதை அப்படியே போனில் சொன்னேன்.

"இது நேரா ரூட்டர்ட்ட கேக்கும் வே. பிங் அப்படி இல்ல. மொதல்ல மெஷினோட சொந்த நோட்டப் பாக்கும். அதுல பேர் இருந்துட்டா வேற யார்ட்டயும் கேக்காது. அந்த நோட்டுதான் ஹோஸ்ட்ஸ் ஃபைலு, தொறந்து பாரும்" என்றார் அவர்.

திறந்தேன். கடைசி வரியில் அண்ணாச்சி, பழைய எண்ணோடு. அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் தமிழ்: 'பாதுகாப்புக்காக. யாரும் தொடக்கூடாது.' போன வருஷம் ரூட்டர் ஒரு நாள் படுத்தபோது, பெயரே மறந்துபோகுமோ என்று பயந்து நானே எழுதியது. அந்தப் பழைய எண் இப்போது பிரிண்டருக்குப் போயிருந்தது. காலையிலிருந்து நான் பிரிண்டரிடம் வரைபடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வரியை அழித்தேன். அம்பாசமுத்திரம் அரிசி ஆலைக்கு நாங்கள் செய்யும் சுழல்தண்டின் வரைபடம் உடனே திறந்தது. மணி பன்னிரண்டேகால்.

"என்னலே கோளாறு?"

"எவனோ பழைய விலாசத்த எழுதி வச்சிருக்கான் அண்ணாச்சி."

"எவன்லே அவன்? நீயே கண்டுபிடி. ஒன்ன மாதிரி சரிபாக்க ஆள் கெடையாது."

இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். அவ்வப்போது கேட்பார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன்.