களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்

கல்யாண ஆப்பில் உடல்வாகு என்று ஒரு கேள்வி உண்டு. மெலிந்த, சராசரி, கனத்த. ஒன்றைத் தொட வேண்டும். பொய் சொல்லி நான் பார்த்திராத என் அம்மா, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ‘சராசரி’யைத் தொட்டாள். என் படத்தையும் கழுத்தோடு வெட்டினாள்.

“நேர்ல வந்து பாத்தா தெரியாதாம்மா?”

“முதல்ல வரட்டும். வந்தப்பிறவு ஆண்டவரு பாத்துக்கிடுவாரு.”

அந்தப் பொறுப்பு ஆண்டவரிடம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டிருந்தது. சபைப் பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் மகனுக்குக் குவைத் விசா வரவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்ல, அம்மா என் கல்யாணத்தைச் சொன்னாள். ஜெபம் செய்த அக்கா தன் பங்குக்கு அதை விரித்தார். “ஆண்டவரே, இந்த மகளுக்க சரீர பாரத்த நீரே கொறச்சு, ஏத்த துணைய வீட்டு நடையில கொண்டு நிறுத்தும்.” நானும் அங்கேதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஆமென் சொன்ன குரல்களில் அம்மாவுடையதுதான் ஓங்கி ஒலித்தது. என் இடுப்பைப் பற்றிப் பரலோகத்துக்கு மனுப் போட்டுவிட்டு, எழுந்ததும் அதே பெண்கள் என் கையில் ரவா லட்டைத் திணித்தார்கள்.

திரும்பி வரும்போது, ஆட்டோவில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஒரு டேட்டிங் ஆப்பை இறக்கினேன்.

முதல் ஆப் எடை கேட்டது. அழித்தேன். இரண்டாவதில் வந்த முதல் செய்தியே “ஹாய் ஆன்ட்டி”. அனுப்பியவன் இரண்டு கிலோமீட்டரில் இருப்பதாகக் காட்டியது. எங்கள் ஊரில் நின்றே அனுப்பியிருப்பான். அதையும் அழித்தேன். மூன்றாவதில் நம்மைப் பற்றி நீளமாக எழுத இடமிருந்தது. முட்டம் கடற்கரையில் எடுத்த படத்தை, கையில்லாத சட்டையோடு, தலையிலிருந்து கால்வரை ஏற்றினேன். கீழே எழுதினேன்: “குண்டு. கேமரா கோளாறு என்று நினைக்க வேண்டாம். உணவு ஆலோசனை வைத்திருப்பவர்கள் அதைத் தாங்களே சாப்பிடவும்.”

அதைப் படித்துவிட்டும் வந்தார்கள். முகம் அழகாக இருக்கிறது, ஜிம்முக்குப் போனால் எங்கேயோ போய்விடுவாய் என்றான் ஒருவன். குண்டுப் பெண்கள் என்றாலே உயிர் என்றான் இன்னொருவன், பிரியாணியைச் சொல்வதுபோல. என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவன் எழுதினான். “முட்டத்துல அந்தப் பாறையில நிக்காத மக்கா. அலை ஆள இழுத்துட்டுப் போயிரும்.” படத்தில் என்னைத் தாண்டி அலையையும் பார்த்தவன் அவன் ஒருவன்தான். விழுந்தேன், வேறென்ன.

தக்கலைக்காரன். என்னைவிட நாலு வயது மூத்தவன். திருவனந்தபுரத்தில் வேலை. எனக்கும் சனிக்கிழமைகளில் அங்கே ஜெர்மன் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் மியூசியத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பழம்பொரியின் கருகிய நுனி எனக்குப் பிடிக்கும் என்று பிய்த்துத் தருவான். மாலையில் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறுவோம். நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லாம் அவன் தலை என் தோளில். களியக்காவிளை வந்து தமிழ்நாடு தொடங்கியதும் எழுந்து, மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான்.

“இனி நம்ம ஆளுவ கேறும் மக்கா.”

எனக்கு வருத்தமில்லை. எங்கள் மாவட்டத்தில் காதலிக்கிற யாரும் செய்வதுதான் இது. என் ஒல்லியான சித்தி மகளும் அவள் ஆளும் இதே எல்லையில்தான் இருக்கை மாறினார்கள். பிறகு அவர்களுக்குக் கல்யாணமும் ஆனது. முன் இருக்கையிலிருந்து அவன் போனில் செய்தி அனுப்ப, நான் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பேன். தக்கலையில் திரும்பிப் பார்க்காமல் இறங்குவான்.

ஆனால் எனக்கு ஓர் ஆசை. இந்தப் பக்கத்தில், வெளிச்சத்தில், ஒரு தடவை அவன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

“பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நாளு கூட்டிட்டுப் போவியா? உனக்க ஊருதானே.”

“அங்க எல்லாரும் என்ன அறியும். வீட்டுல பைய சொல்லட்டு. கொஞ்சம் பொறு.”

பொறுத்தேன். மாதக்கணக்கில்.

அந்தச் சனிக்கிழமை மழை. வழக்கம்போல இருக்கை மாறியிருந்தான். மார்த்தாண்டத்தில் நனைந்த குடையோடு ஒருத்தி ஏறினாள். கொடி மாதிரி உடம்பு. இவன் பாதி எழுந்து கையை ஆட்டினான்.

“ஏட்டி! இஞ்ச வா, இடம் கெடக்கு!”

“ஏலே, நீயா? வேலை கிட்டினப்பிறவு கண்டாலும் ஒரு வார்த்த மிண்டமாட்டான்னுல்லா சொன்னாவ!”

ஜன்னல் பக்கம் நகர்ந்து, அவளை அருகில் உட்காரவைத்து, அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவர்களுக்குப் பின்னாலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “ஆரு மக்கா இது?”

“காலேஜுல கூட படிச்சவ மாமா.” சத்தமாக, சிரித்துக்கொண்டே சொன்னான்.

பஸ் நிறைய அவன் ஊர் ஆட்கள். ஒரு பயமும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் பெண் உட்கார்ந்தால் ஊர் பேசும் என்று அவன் பயந்ததே கிடையாது. நான் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்றுதான் பயந்திருக்கிறான். மியூசியத்தில் அத்தனை சனிக்கிழமையும் என் கையைப் பிடித்தது, அங்கே அவனைத் தெரிந்தவர் யாரும் இல்லாததால்.

எழுந்துபோனேன். மூன்று பேர் இருக்கை, ஓரம் காலி. “கொஞ்சம் ஒதுங்குங்க” என்றேன். அந்தப் பெண் சிரித்து இடம்விட்டாள். உட்கார்ந்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தான்.

நான் அவனையே பார்ப்பதைக் கவனித்து அவள் கேட்டாள், “உனக்குத் தெரிஞ்சவியளாலே?”

“அது... எப்பவும் இந்த பஸ்ல வாற அக்கா.”

அக்கா! ஹாய் ஆன்ட்டி என்றவனாவது என்னை அறியாதவன்.

“நான் ஒனக்கு அக்காவாலே? நாலு வயசு எளையவ. மத்தியானம் மியூசியத்துல கையப் பிடிச்சு நடக்கும்ப அக்கான்னு தோணல்லியா?”

“பைய பறை. ஆளுவ கேக்கும்.”

“கேக்கட்டு. நம்ம ஆளுவதானே.”

பின்னாலிருந்த பெரியவர் இருமினார். அந்தப் பெண் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் மடியிலிருந்த தன் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தக்கலை இன்னும் வரவில்லை. அழகியமண்டபத்தில் பஸ் நின்றதும் எழுந்தான். அந்தப் பெண் முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். நான் ஒதுக்கவில்லை. சபையே கூடிக் குறையச் சொல்லி ஜெபித்த என் உடம்பு, ஓர் ஓரமும் மிச்சமில்லாமல் அவன் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் எழும்பு.”

“ஆரு எழும்பணும்?”

“விளையாடாத. வண்டி எடுத்துருவான்.”

“என் பேரச் சொல்லிக் கேளு.”

சொன்னான், உதட்டுக்குள்ளே.

“கேக்கல்ல.”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவன் இன்னொரு தடவை சொன்னான். இப்போது பெரியவருக்குக் கேட்டது, கண்டக்டருக்கும் கேட்டது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அவன் வாயிலிருந்து என் பெயர் வந்தது அப்போதுதான்.

எழுந்து வழிவிட்டேன். குடையில்லாமல் இறங்கினான்.