வல்லாரைப் பாத்தி

அலுவிகாரைக்குப் பக்கத்தில் என் மூத்த சகோதரி, ராத்தா, வீடு கட்டியபோது, பின்வேலிக்கு அப்பால் பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டில் ஒன்று இருந்தது. சில வருடங்களில் அது மூடப்பட்டது. தகரங்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன் கழிவு ஓடிய வாய்க்கால் மட்டும் ராத்தாவின் வேலியோரம் கிடந்தது.

பிறகு கிணறுகளில் ஈயம் கலந்திருக்குமோ என்று ஊரில் பேச்சு எழுந்தது. நான் பத்திரிகைக்காரன். ராத்தா வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தேன். முடிவு வந்ததும் அவருக்குப் போன் கோல் எடுத்து, ஈயம் இல்லை, பயப்பட வேண்டாம் என்றேன். அதையே செய்தியாகவும் எழுதினேன்.

ராத்தா பயப்படவில்லை. மழைக்காலத்துக்கு முன் வாய்க்கால் சேற்றை வாரிப் பாத்தியில் போடுவது அவர் வழக்கம்; அதைத் தொடர்ந்தார். கறுத்த, கொழுத்த சேறு. அதில் வல்லாரை நன்றாகப் படர்ந்தது.

ராத்தாவின் மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டில் படித்தாள். எழுத்துகள் மனதில் நிற்கவில்லை. மத்ரஸாவில் குர்ஆனின் சின்ன சூராவும் பாடமாகவில்லை. வல்லாரை ஞாபகத்துக்கு நல்லது என்று வாரத்தில் இரண்டு நாள் கொடுத்துவந்த இலைக்கஞ்சியை ராத்தா தினமும் காய்ச்சத் தொடங்கினார். கடைச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற தனக்கும் ஒரு கோப்பை வேண்டுமென்று மச்சான் நக்கலடிப்பார். வளரும் பிள்ளைக்கு முதலில் என்று ராத்தா சொல்லிவிடுவார்.

பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. கண்டியில் ஒரு டொக்டர் இரத்தம் சோதித்தார். ஈயம் இருந்தது. எங்கே விளையாடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ராத்தா எல்லாவற்றையும் சொன்னார். கஞ்சியைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

இந்த முறை சேற்றையும் பாத்தி மண்ணையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டிலும் ஈயம் இருந்தது. சோதித்த அதிகாரி நிதானமாக விளக்கினார். ஈயம் தண்ணீரோடு அதிகம் போகாது. களிமண்ணிலும் மக்கிய இலையிலும் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் தெளிந்த தண்ணீர் வருடக்கணக்காக ஓடலாம். கொஞ்சம் வேர் வழியே கீரைக்குள் போகும். வல்லாரை நிலத்தோடு படர்வதால் இலையில் அப்பிய மண் கழுவினாலும் முழுதாகப் போகாது.

"தண்ணி வரும், போகும். சேறுதான் வச்சிக்கும்," என்றார். அன்றைக்கே ஏன் சேற்றையும் எடுக்கவில்லை என்று கேட்டார். சேற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்றேன்.

ராத்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். பாத்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்போ நான் கஞ்சி குடுக்காம இருந்திருந்தா, புள்ளைக்கு ஒண்ணும் வந்திருக்காதா தம்பி?"

முற்றத்துத் தூசியிலும் இருக்கும், அப்படிச் சொல்ல முடியாது என்றேன். அது உண்மைதான். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

இரத்தத்தில் உள்ளது குறையும் என்றார் டொக்டர். படிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

பாத்தியை வேறு மண் போட்டு மூடிய மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். பிள்ளை கையில் கஞ்சியோடு கடிக்கும் கருப்பட்டித் துண்டோடு குசினி வாசலில் வந்து நின்றாள். இனிமேல் கஞ்சி இல்லை என்றார் ராத்தா.

"அப்போ சூரா எப்படி உம்மா பாடமாகும்?"

ராத்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.