செல்ஃப் எடுக்காத காலை

அண்ணன் குவைத் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்த வருஷம் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குக் கிக்கர் கிடையாது. பொத்தானை அழுத்தினால்தான் எஞ்சின் ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, "பேட்டரி படுத்தா வண்டியும் படுத்துடும்டா. அத ஞாபகம் வச்சுக்க" என்றார். நான் தலையாட்டினேன். அவர் எதைச் சொன்னாலும் நான் அப்படித்தான் தலையாட்டுவேன்.

குடவாசலுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையிலிருந்து இறங்கும் ஒற்றைத் தெருதான் எங்கள் ஊர். அண்ணன், அண்ணி, நான் என மூன்று பேர் வீட்டில். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வயலை அவர் பார்த்துக்கொண்டார். நான் டவுனில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தேன். வண்டி இருவருக்கும் பொது என்றாலும் பராமரிப்பு முழுக்க அவருடையது. கெடு வருவதற்கு முன்பே எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுவார். வடித்த பழைய ஆயிலை இரண்டு விரலுக்கிடையே தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். "என்னண்ணே, ரசத்துக்கு உப்பு பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்று கேலி செய்வேன். அவர் மறுபடி முகர்ந்து பார்ப்பார்.

முதல் பேட்டரி தளர்ந்தபோது புதியது வாங்க இருவரும் குடவாசல் போனோம். கடைக்காரர் எடுத்துத் தந்ததை அண்ணன் திருப்பி, தயாரான மாதத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றார். இரண்டாவதையும் வேண்டாம் என்றார்.

"எல்லாம் புதுசுதாங்க. பொட்டியே பிரிக்கல" என்றார் கடைக்காரர்.

"பொட்டி பிரிக்காட்டியும் உள்ள சார்ஜ் எறங்கிக்கிட்டேதாங்க இருக்கும். வேற எடுங்க."

மூன்றாவதுக்குச் சம்மதித்து, அதையும் முழுசாகச் சார்ஜ் போட்ட பிறகே மாட்ட வேண்டும் என்று மதியம் வரை என்னை அங்கே உட்கார வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பேட்டரிக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

அடுத்த கார்த்திகையில் புயல் வந்தது. தெருவில் நின்ற தென்னைகளில் பாதி சாய்ந்துவிட்டன. மின்கம்பங்கள் வரிசையாக வயலில் கிடந்தன. செல்போன் டவர் செத்துவிட்டது. சாலையில் மரங்கள் விழுந்து காரோ வேனோ வர வழியில்லை. இரண்டு சக்கர வண்டியை மட்டும் கிளைகளுக்கிடையே நுழைத்து எடுக்கலாம். அந்த வண்டிகளும் பெரும்பாலும் தெருவுக்குள் ஏறிய வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன.

எங்கள் வண்டியும் எஞ்சின் வரை நனைந்திருந்தது. தண்ணீர் வடிந்ததும் நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடி வட்டத்தைக் காட்டினார். உள்ளே ஆயில் டீ நிறத்தில் வெளுத்திருந்தது.

"தண்ணி ஏறிடுச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணினா எஞ்சினே போயிடும்."

வடித்தார். புது ஆயில் ஊற்றி இரண்டு நிமிஷம் ஓடவிட்டு மறுபடி வடித்தார். அதுவும் கலங்கலாக வந்தது. கடைசி டப்பாவைப் பிரித்து மூன்றாம் முறை ஊற்றினார். கண்ணாடி வட்டம் தேன் நிறத்தில் தெளிந்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெட்ரோலும் கொஞ்சந்தான் இருக்கு. யாருக்காவது ஒடம்பு முடியலன்னா இது ஒண்ணுதான் போவும். பேட்டரில கை வைக்காத."

அதை அவர் சொல்லக் காரணம் இருந்தது. என்னிடம் வண்டி பேட்டரியில் கிளிப் மாட்டிச் செல்போன் சார்ஜ் போடும் ஒயர் இருப்பது தெருவுக்கே தெரியும்.

அன்று மதியம் எதிர்வீட்டு அக்கா வந்தார். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். பாலத்து மேட்டில் நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனில் சார்ஜ் இல்லை.

"டிவில பாத்துட்டு என்ன நெனைக்கிறானோ தம்பி. அம்மா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

அண்ணன் வயலில் இருந்தார். நான் சீட்டைக் கழற்றிக் கிளிப்பை மாட்டினேன். அந்த அக்கா மேட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு அழுதுகொண்டே திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. உரக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனைத் தெருவே "நீ இல்லன்னா என்ன ஆயிருப்போம்" என்றது. எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் சோதிக்கப் பொத்தானை அழுத்தினேன். செல்ஃப் மோட்டார் முனகி, இழுத்து, ஒருவழியாகச் சுற்றியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஏறிக்கொள்ளும் என்று தெரியும். ஆனால் சத்தம் கேட்டு அண்ணன் வந்தால் என்ன சொல்வது? அணைத்துவிட்டேன். மூன்றாம் நாள் சோதிக்கவே இல்லை.

நான்காம் நாள் காலை அண்ணன் மண்வெட்டியோடு கிளம்பினார். சம்பாப் பயிர் தண்ணீரில் அழுகிக்கொண்டிருந்தது. வரப்பை வெட்டி வடிகாலில் தண்ணீர் இறக்க வேண்டும். மற்ற வரப்பெல்லாம் மூழ்கி, மேடாக இருந்தது வடிகாலோர வரப்பு ஒன்றுதான். பாம்புக்கும் ஒதுங்க அது ஒன்றுதான் இடம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பத்து மணி வாக்கில் அவரே நடந்து வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. வாசலில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார்.

"கண்ணாடி விரியன். பாத்துட்டேன். வண்டிய எடு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். நான் சாவியைத் திருகினேன். மீட்டரில் விளக்கு வரவில்லை. பொத்தானை அழுத்தினேன். கிளிக் என்றது. மறுபடி அழுத்தினேன். அதுகூட இல்லை. வண்டியைக் கரைமேல் ஏற்றி, கியரில் போட்டுச் சரிவில் தள்ளி வந்தேன். கீழே வந்து நின்றது. எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பவே பேட்டரி வேண்டியிருக்கும் அந்த வண்டியைத் தள்ளி என்ன பயன்? இருந்தாலும் இரண்டாம் முறையும் தள்ளினேன். அண்ணன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கால் கணுக்காலுக்கு மேல் வீங்கியிருந்தது.

தெருவில் அதற்குள் சரிசெய்து ஓடிய இன்னொரு வண்டி தெருக்கோடி மாமாவுடைய பழைய கிக்கர் வண்டி. அவர் அதை எடுத்துக்கொண்டு அரிசி வாங்கப் போயிருந்தார். காத்திருந்தோம். அண்ணனை நடக்கவிடாமல் பாயில் படுக்க வைத்தோம். அவர் ஒருமுறை துப்பினார். எச்சிலில் ரத்தம் இருந்தது. அண்ணி அதை முந்தானையால் மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

மாமா வர முக்கால் மணி நேரமானது. அண்ணனை நடுவில் உட்கார வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, கிளைகளுக்குள் குனிந்து குனிந்து குடவாசல் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே நர்ஸ் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜைமேல் நிறுத்தினார். "இருவது நிமிஷம் ஆட்டக் கூடாதுங்க. உறையுதான்னு பாக்கணும்" என்றார். அந்த இருபது நிமிஷமும் நான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து மெல்லச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

விஷமுறிவு மருந்தை ஏற்றி, மெயின் ரோட்டில் மரங்களை அகற்றியிருந்ததால் ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. டயாலிசிஸ் தொடங்கினார்கள். அந்த வார்டின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவுக்குள்ளேயே ஒரு டிராக்டர் நின்றிருந்தது. அதன் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் எங்கள் வண்டி கிளம்பியிருக்கும். அன்று அது தோன்றவே இல்லை. இன்றும் வண்டி ஓட்டும்போது திடீரென்று தோன்றி என்னை நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது டயாலிசிஸ் முடிந்த மாலை, அண்ணி காபி வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலருகே குனிந்து சொன்னேன்.

"அண்ணே, பேட்டரி தானா போவல. நான்தான் எல்லாருக்கும் சார்ஜ் போட்டுக் குடுத்தேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே பார்த்தபடி கேட்டார்.

"எதிர்வீட்டுப் பொம்பள மகன்கிட்ட பேசுச்சா?"

"பேசுனாங்க."

"சரி" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து வாரத்தில் வீட்டுக்கு வந்தார். சிறுநீரகம் திரும்பியது, ஆனால் முழுசாக இல்லை என்றார் டாக்டர். உப்பைக் குறைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. மகன் அனுப்புகிற பிஸ்கெட் டப்பாவில் ஒன்றை இன்னும் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்.

இப்போது வண்டியை நான் ஓட்டுகிறேன். அண்ணன் பின்னால் உட்கார்ந்து தஞ்சாவூர் வருகிறார். போன தடவை டாக்டர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். ரத்தத்தில் கழிவின் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். மூன்று மாதம் வேண்டாம், அடுத்த மாதமே வாங்க என்றார். திரும்பும்போது அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வலங்கைமான் தாண்டும்போது என் தோளில் கை வைத்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று வேகத்தைக் குறைத்தேன்.

"ஒண்ணுமில்ல, போ" என்றார்.