பதிவேட்டில் இல்லாத பெயர்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில், வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரங்களுக்குப் பின்னே ஒரு மிஷன் இல்லம் இருந்தது. தெருவில் கிடந்த பெண் குழந்தைகளையும், எங்கேயோ அடிமை வேலை செய்து மீட்கப்பட்ட பெண் குழந்தைகளையும் வைத்து வளர்க்கிற இடம். அங்கே நான் டீச்சர், வார்டன், பேன் பார்ப்பவள், எல்லாம். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அம்மா இறந்த மறு வருஷமே அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் எனக்கு இனி இடமில்லை என்று தோன்றியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊழியத்துக்கு வந்த பெண் என்று சபையில் என்னைப் புகழ்வார்கள். போக்கிடம் இல்லாமல் வந்தவள் என்பது எனக்கல்லவா தெரியும்!

இல்லத்தை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரம்மா. பிள்ளைகளுக்கு அவர் பெரியம்மா. அறுபது வயதிருக்கும். கடல் கடந்து வந்து பல வருஷம் ஆகிவிட்டது. தமிழை வேதாகமத்தை வைத்தே படித்தவர். "நீர் போஜனம் பண்ணினீரா?" என்று அவர் கேட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஞாயிறு மத்தியானம் அவர் ஊரிலிருந்து வந்த நீலநிறக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுவும் வராது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தனியாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்தக் கட்டடத்தில் இருக்கிற அமைதி என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு குழந்தை வந்தால் முதலில் மொட்டை, பிறகு குளியல், புதுச் சட்டை, புதுப் பெயர். வேதாகமத்திலிருந்து ஒரு பெயர். பதிவேட்டில் அந்தப் பெயரைத்தான் எழுதுவோம். பட்ட கஷ்டமெல்லாம் பழைய பெயரோடு போகட்டும் என்பது பெரியம்மாவின் எண்ணம். நல்ல எண்ணம்தான். எழுதுகிற வேலை என்னுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு குழந்தையைப் போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். ஐந்து வயது இருக்கும். மதுரையில் ஒரு வீட்டில் எடுபிடி வேலைக்கு வைத்திருந்தார்களாம். முழங்காலுக்குக் கீழே சூடு போட்ட தழும்பு. "உன் பேர் என்ன?" என்று கேட்டேன். சொன்னாள். நான் அதை எழுதவில்லை. இறந்துபோன என் அம்மாவின் பெயரும் வேதாகமப் பெயர்தான். அதை அவளுக்கு வைத்தேன். வாய்விட்டு அந்தப் பெயரைக் கூப்பிட எனக்கு வேறு ஆளில்லை.

முதல் ஒரு வாரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிறகு பழகிவிட்டது. சாயங்காலம் பள்ளி விட்டதும் என் அறை வாசலில் வந்து நிற்பாள். நான் பாடக் குறிப்பு எழுதுவேன், அவள் என் காலருகே உட்கார்ந்து சிலேட்டில் ஏதாவது கிறுக்குவாள். பேச்செல்லாம் அதிகம் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அன்றைய பொழுதையே தள்ளுவேன். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான் என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்வேன். எனக்கு அப்படி இல்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, பெரியம்மா வெளியே போயிருந்தார். கேட்டில் ஒரு பெண் நின்றாள். மெலிந்த உடம்பு, கை நகங்களெல்லாம் கல் பட்டுத் தேய்ந்திருந்தன. மேலூர்ப் பக்கம் கல் உடைக்கிறவளாம். ஒரு பெயரைச் சொல்லி, "அந்தப் புள்ள இங்கிட்டு இருக்காளா டீச்சர்?" என்று கேட்டாள்.

மதுரைக்குப் பிள்ளையோடு வந்தவள், பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்திருக்கிறாள். நினைவு திரும்பியபோது ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிள்ளையைக் காணவில்லை. உடம்பு தேறி எழுந்த நாளிலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறாளாம். கூலி கிடைக்காத நாளெல்லாம் ஏதாவது ஓர் ஊர், ஏதாவது ஓர் இல்லம்.

நான் அலட்சியமாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்து வந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை வைத்துப் பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? எழுதாமல் விட்டவளே நான்தானே! ஆனால் அந்த நிமிஷம் அது எனக்கு உறைக்கவில்லை. ஒரே ஒரு தடவை காதில் விழுந்த பெயர் மறந்துபோயிற்றா, மறந்துபோனால் தேவலை என்று நானே மறந்தேனா, இன்றைக்கும் தெரியாது.

"அப்படி யாரும் இங்கே இல்லம்மா" என்றேன்.

"ஒரு தடவ புள்ளைகளப் பாத்துட்டுப் போறேனே டீச்சர்."

பெரியம்மா இல்லாதபோது வெளியாட்களுக்குப் பிள்ளைகளைக் காட்டக் கூடாது என்பது விதி. மகள் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போக வருகிறவர்களும் உண்டு. அந்த விதியைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. இடுப்பில் வைத்திருந்த துணி முடிச்சை என்னிடம் நீட்டினாள். "எள்ளுருண்டை. மகளுக்குன்னு கொண்டாந்தேன். இங்க இருக்கிற புள்ளைகளுக்குக் குடுங்க. நான் வாரேன் டீச்சர், மேலூர்ல நாலரை வண்டிய விட்டா எங்கூருக்கு வேற வண்டி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உருண்டைகளைக் கிள்ளி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாம் "காரமா இருக்கு டீச்சர்" என்று முகத்தைச் சுளித்தன. யாராவது எள்ளுருண்டையில் மிளகு போடுவார்களா என்று நானும் நினைத்தேன். என் காலருகே சிலேட்டோடு உட்காருகிறவள் மட்டும் சுளிக்கவில்லை. மெதுவாகத் தின்றாள். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், எங்கம்மாதான் மிளகு போடும். சளி பிடிக்காதுன்னு" என்றாள்.

காலையில் கேட்டில் கேட்ட பெயரும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை சொன்ன பெயரும் ஒன்றுதான். அது அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

"எல்லார் வீட்டிலயும் அப்படித்தான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். அப்போது மணி பன்னிரண்டரை.

யாருக்கும் தெரியாது. பதிவேடு என் பக்கம். கல் உடைத்துக் கஞ்சி குடிக்கிறவளிடம் போய் இந்தக் குழந்தை என்ன படிக்கும்? இங்கே மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளிக்கூடம், பெட்டியில் இரண்டு நல்ல கவுன். இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். எல்லாம் குழந்தையின் நன்மைக்காம்! சாயங்காலம் வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் என் கவலை. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிப் பார்த்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. என் அம்மா உயிரோடு இருந்து, ஊர் ஊராக என்னைத் தேடி வந்து, யாரோ ஒருத்தி கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டேன். மணி ஒன்றரை.

பெரியம்மா அப்போதுதான் வந்திருந்தார். ஒரு பெண் வந்ததையும், நான் திருப்பி அனுப்பியதையும், எள்ளுருண்டையையும் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் எத்தனை நாமங்களை நாம் எழுதாமல் விட்டோம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சீக்கிரமாய்ப் போம். இருவரையும் அழைத்துக்கொண்டு வாரும்" என்றார்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேலூருக்கு ஒரு பஸ். எங்கே போகிறோம் என்று அவள் கேட்டாள். ஒருவேளை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, "சும்மா" என்றேன். வழியெல்லாம் என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ஒரு பக்கம் பஸ் வேகமாகப் போக வேண்டும் என்று தவிப்பு. மறு பக்கம் இந்தத் தலை மடியிலேயே இருக்கட்டும் என்று ஆசை. இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன.

மேலூரில் இறங்கும்போது மணி நாலரை தாண்டியிருந்தது. சந்தைக்கு வந்த கூட்டம், கூடை, மூட்டை, ஆடு. பூ விற்கிற பெண்ணிடம் கல்லுடைக்கிற ஊர் வண்டி எது என்று கேட்டேன். "அந்தா கெளம்பிருச்சு பாருங்க" என்று கை காட்டினாள். நிறைய ஆட்களோடு ஒரு பஸ் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். எந்த ஜன்னல் என்று தெரியாது. அந்தத் தாயின் பெயரை நான் கேட்கவே இல்லை. என்னவென்று கூப்பிடுவது?

இரண்டு வருஷமாக நான் எழுதாத, ஒருநாளும் வாய்திறந்து சொல்லாத அந்தப் பெயரைச் சொல்லி, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"என்ன டீச்சர்?" என்றது என் கையைப் பிடித்திருந்த குழந்தை. யோசிக்கவே இல்லை, அப்படியே வந்தது பதில். இரண்டு வருஷம் அந்தப் பெயர் அவளுக்குள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது.

பஸ்ஸின் பின் ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு கேட்ட அலறலில் டிரைவர் தானாகவே வண்டியை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கி வந்து புழுதியில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, முழங்கால், கை, கழுத்து என்று தடவித் தடவிப் பார்த்தாள். தழும்பில் கை பட்டதும் நிறுத்தி, அதையே பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஓரமாக நின்றேன். என் கை வெறுமையாக இருந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இல்லத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில், "எம்புட்டு நல்லா வளத்திருக்கீக டீச்சர்" என்றாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "இங்க என்ன பேரு சொல்லிக் கூப்புடுவீக?" என்று கேட்டாள். சொன்னேன். "யாரு பேரு அது?" என்றாள். "எங்கம்மா பேரு. இப்ப இல்லை" என்றேன். மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "அப்ப அதையுஞ் சொல்லி ஒரு தடவ கூப்புட்டுக்கறேன் டீச்சர், அந்தப் பேரும் இருக்கட்டும்" என்றாள்.

நாலு நாள் இல்லத்தில் தங்கி, எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கேட் வரை வழியனுப்பிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் பாடக் குறிப்பு எழுத உட்கார்ந்தவள் ஒரு வரி எழுதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா முதல் தடவையாக என் அறைக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அப்படியே இருந்தோம்.

மறுநாள் அவர் ஒரு புது நோட்டை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, பழைய பெயர் என்ன என்று கேட்டு எழுதினோம். சில பிள்ளைகளுக்குப் பெயர் நினைவில் இல்லை. அந்தப் பக்கங்களை வெறுமையாகவே விட்டோம்.

அந்தக் குழந்தையின் பெயரை நான் இங்கேயும் எழுதவில்லை. இந்தத் தடவை காரணம் வேறு, அந்தப் பெயர் அவளுடையது. மேலூர் பஸ் ஸ்டாண்டில் நான் ஓடிய ஓட்டத்தைப் பெரியம்மா பல பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அதற்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை அவரிடமும் சொல்லவில்லை, அந்தத் தாயிடமும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். அது மறக்காததால்தான் இன்றைக்கும் புதிதாக ஒரு குழந்தையைப் பார்த்தால், "உங்கம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் பதில் வருகிற வரை காத்திருக்கிறேன்.