உச்சி வெயிலில் நின்றுபோன மெஷின்

திருமுடிவாக்கத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா போன் செய்தபோது பகல் பதினொன்றரை. "மேடம், உடனே வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குரோம்பேட்டையில் இருந்த எங்கள் சோலார் கம்பெனி ஆபீஸிலிருந்து ஸ்கூட்டியில் போனேன். அங்கே நான் எஸ்டிமேஷன் இன்ஜினியர். அவர் எங்கள் கஸ்டமர்.

பல வருடம் அடுத்தவர் கம்பெனியில் மெஷின் ஓட்டிய பெண்மணி அவர். லோன் வாங்கி, தொழிற்பேட்டையில் ஒரு வாடகை ஷெட் பிடித்து, இரண்டு மோல்டிங் மெஷின் போட்டு பைப்பை வளைத்து இணைக்கும் பிவிசி எல்போ அடித்துக்கொண்டிருந்தார். கூரை முழுக்க எங்கள் பேனல். மாட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஏரியாவில் கரண்ட் போய் முக்கால் மணி நேரம். மெஷின் நின்றதும் உருகிய பிவிசி அதன் உருக்கும் குழாயான பேரலுக்குள்ளேயே கருகிவிட்டது. ஷெட் முழுக்க மூக்கைக் குத்தும் நெடி.

"மேல பாரு மேடம். வெயிலு கொளுத்திகினு கீது. அப்பறம் இன்னாத்துக்கு என் மெஷினு நின்னுச்சு?"

விளக்கினேன். நாங்கள் போட்டது ஆன்-கிரிட் சோலார். ஈபி சப்ளை நின்றால் இதுவும் தானாக ஆஃப் ஆகிவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது.

"ஜெனரேட்டர வித்துடுன்னு உங்க ஆபீஸ்லதான சொன்னாங்கோ. இத்த ஏன் சொல்லல?"

எஸ்டிமேட் ஷீட்டை முதலில் போட்டபோது நான் எழுதியிருந்தேன். சோலார், ஈபி, டீசல் ஒவ்வொன்றிலும் ஒரு யூனிட் என்ன விலை என்று மூன்று கட்டம் போட்டு, அடியில் ஒரு குறிப்பும் வைத்தேன்: கரண்ட் போனால் சோலார் ஓடாது, ஜெனரேட்டர் இருக்கட்டும், சோலார் செலவை ஈபி பில்லோடுதான் ஒப்பிட வேண்டும். மேனேஜர் முரளி சார் அந்தக் குறிப்பையும் ஈபி கட்டத்தையும் தூக்கிவிட்டார்.

"டீசல்தான் ரொம்ப காஸ்ட்லி, அதோட மட்டும் கம்பேர் பண்ணு ரேவதி. அப்பதான் சேவிங்ஸ் பெருசா தெரியும். அந்தம்மா என்ன இன்ஜினியரா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசி, டார்கெட் பாக்கி.

இன்றைக்கும் ஆத்திரம் வருவது எதற்கென்றால், அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. பகலில் ஓடும் ஷெட் அது. ஈபியோடு ஒப்பிட்டாலும் சோலார்தான் மலிவு. போட்ட பணம் திரும்ப இன்னும் சில வருடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அதை உள்ளபடி சொல்லியிருந்தாலும் அவர் வாங்கியிருப்பார்.

ஆபீஸுக்குத் திரும்பி முரளி சார் மேஜை முன் நின்று, "நஷ்டத்தை நாமதான் சார் ஏத்துக்கணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தூக்கினது நான்தான். சைன் யாரோடது?"

முரளி சாருக்கு நான் முதலில் அனுப்பிய, குறிப்போடு இருந்த ஷீட் என் மெயிலில் இருந்தது. அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுநாள் ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதோடு ஆபீஸுக்கு வந்து, எங்கள் முதலாளி எதிரில் உட்கார்ந்துவிட்டார். பேரலைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவு, ஒரு செகண்ட்ஹேண்ட் ஜெனரேட்டர், இரண்டுக்கும் ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் எழுந்தார். ஆனால் அந்த வாரம் அவர் அடித்துத் தர வேண்டிய ஆர்டர் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டது. திரும்ப வரவில்லை. ஷீட்டை வெளியே கொடுத்ததற்காக என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். முரளி சார் அங்கேயேதான் இருந்தார்.

அன்று முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தபோது அக்கா அந்த ஷீட்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "இவ்ளோ தெரிஞ்சும் கையெழுத்து போட்டியே மேடம்?"



பிறகு வேறு கம்பெனிகளில் நூற்றுக்கணக்கான ஷீட் போட்டேன். யூனிட் என்ன விலை என்று எழுதுவதற்கு முன்னால், எந்த நேரத்தில் அந்த யூனிட் வராது என்பதை முதல் வரியில் எழுதுவேன். அதை எடுக்கச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களே, நீங்களும் போடாதீர்கள்.